எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும்

காலை ஆறு பத்துக்கு இறங்க வேண்டிய விமானம் ஆறு இருபத்திரண்டுக்கு இறங்கியது. வருகை வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கடிகாரத்தாருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடமும் தணலில் நிற்பது போல இருந்தது. அவர் ஓட்டிய பேருந்து முப்பத்தோரு வருடத்தில், எல்லாம் சேர்த்தே, பன்னிரண்டு நிமிடம்தான் தாமதமாகியிருக்கிறது. அதில் ஒன்பது நிமிடம், ஒரு பெண் கடைசி இருக்கையில் பிள்ளை பெற்ற வகையில் போனது. மீதி மூன்று நிமிடத்துக்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. பணிமனையிலும் பாதையிலும் அவர் கடிகாரத்தார்தான். விமான நிலையத்திலிருந்து கடற்கரை வரை அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் அவர் வண்டியைப் பார்த்துத்தான் மக்கள் உலை வைத்தார்கள், மாத்திரை விழுங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டினார்கள். வழியில் கடிகாரக் கடை வைத்திருந்த ஒருவர், இந்த ஆளால் என் பிழைப்பில் மண் விழுந்தது என்று பணிமனைக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்.

அன்று அவர் காத்திருந்தது மனைவிக்காக. அந்த அம்மாள் அதே வண்டியில் அதே முப்பத்தோரு வருடம் கண்டக்டர். ஊருக்கு விசிலம்மா. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். ஆனால் அந்த ஒற்றை விசிலுக்கு வண்டி மட்டும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. எதிரே வந்த லாரி நின்றது, சைக்கிள்கள் நின்றன, பள்ளி விட்டு ஓடிவந்த நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். மரத்திலிருந்து உதிர்ந்த இலைகூட விழுவதா வேண்டாமா என்று யோசித்ததாகப் பணிமனையில் சத்தியம் செய்பவர்கள் உண்டு.

இருவரும் ஓய்வு பெற்ற மாதமே மகனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கடல் கடந்து போன விசிலம்மா இரண்டரை வருடமாகத் திரும்பவில்லை. இப்போது வேறொரு நாட்டிலிருக்கும் மகளுக்குப் பிரசவம். மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் வழியில், இரண்டு விமானங்களுக்கு நடுவே, சொந்த ஊரில் பதினொரு மணி நேரம். மாலை ஐந்தரைக்கு அடுத்த விமானம். மூன்று மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

அவரும் கூடவே போயிருக்கலாம்தான். போகாததற்குக் காரணம் ஊரறிந்தது. ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்காமல் எந்த வண்டியிலும் அவர் ஏறமாட்டார். பார்த்தாலும் ஏறமாட்டார் என்பது வேறு விஷயம். ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு முறை மச்சினர் காரில் போனார். போய்ச் சேர்வதற்குள் வலது காலால் மிதித்து மிதித்து, காரில் இல்லாத பிரேக்குக்காகத் தரை விரிப்பில் ஓட்டை போட்டுவிட்டார். மகன் டிக்கெட் அனுப்பட்டுமா என்று கேட்டபோது, "கதவச் சாத்திக்கிட்டு, முன்னாடி கண்ணாடிகூட இல்லாம, எவனோ ஓட்ட, மேகத்துக்குள்ள போவாங்களாம். ஆள விடு" என்று போனை வைத்தவர்தான்.

வைத்தாரே தவிர, அதன் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டிரைவர் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்குமே, பயணிகளைப் பார்ப்பதற்கு, அதை ஓய்வு பெறும் நாளில் பணிமனையில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தார். முப்பத்தோரு வருடமும் அந்தக் கண்ணாடியில் அவர் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். மூன்றாவது ஜன்னலில் சாய்ந்து, காதில் பென்சில் செருகி, கட்டைவிரல் உயரத்தில் நிற்கும் விசிலம்மாவை. வீட்டில் தன் நாற்காலிக்கு மேலே அதை மாட்டிவைத்தார். இரண்டரை வருடமாக அதில் வாசற்கதவு மட்டும் தெரிந்தது.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். "போகாதே" என்று சொல்லிவிட்டால் ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வருவதற்குப் பதில் மலை நடந்து வரும். அதனால் போனில், "நம்ம ரூட்டுல பீச் வரைக்கும் நடந்தே போகலாமா" என்று கேட்டார். அவளும் சரி என்றாள். சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம். அதில் நேர்ப்பாதையை விட்டு விலகும் நான்கு சுற்றுவழிகள். பதினான்கு கிலோமீட்டர் பத்தொன்பது ஆகும். ஆற அமர நடந்தால் கடற்கரைக்கு மணி இரண்டரை. காலை நனைத்து நிமிர்வதற்குள் மூன்று தாண்டும். விமானம் தன்பாட்டுக்குப் போகும். அவள் தன்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். தலையணை உறை துவைத்தாயிற்று. பால்கனிக்கு இரண்டாவது நாற்காலியும் வந்தாயிற்று.

விசிலம்மா வெளியே வந்தாள். ஸ்வெட்டரும் மகன் வாங்கிக் கொடுத்த ஓட்டப்பந்தய ஷூவுமாக, தோளில் ஒரே ஒரு பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன டிரைவர் சார், வண்டி எங்க?"

"கீழ இருக்கு. ரெண்டு காலு."

"பிரேக் பிடிக்குமா?"

"போன மாசந்தான் பார்த்தேன்."

இரண்டரை வருடம் கழித்துச் சந்தித்த புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டது இவ்வளவே. அதற்கே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கைச் சிந்துவது போல நடித்தார். டாக்சிக்காரர்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். நடக்கப் போகிறோம் என்று அவர் சொன்னதும் பத்துப் பேரும் சிரித்தார்கள். எங்கே என்று கேட்டுக் கடற்கரை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

நடை தொடங்கியது. அவர் முன்னே, அவள் பின்னே. அதுவும் சும்மா இல்லை, சரியாக ஒன்பதடி இடைவெளியில், கொஞ்சம் இடப்பக்கமாக. டிரைவர் இருக்கைக்கும் மூன்றாவது ஜன்னலுக்கும் உள்ள தூரம். யாரும் திட்டமிடவில்லை, கால்கள் தாமாகவே அப்படி அமைந்துகொண்டன. சரக்குக் கிடங்குகளைக் கடந்து, விமான நிறுவன ஊழியர்கள் கழுத்துப்பட்டையோடு ஓடிவரும் நடைமேம்பாலத்தைக் கடந்து, முதல் ஒரு கிலோமீட்டர் அவள் அவருடைய பிடரியோடுதான் பேசிவந்தாள். அவரோ பதில் சொல்லும்போதெல்லாம் தலைக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே கண்ணாடி இல்லை.

"பால் பண்ணை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "பால் பண்ணை இறங்குறவங்க முன்னாடி வாங்க."

பால் பண்ணை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு செல்போன் கடை இருந்தது. கையோடு ஒற்றை விசிலும் வந்தது. பையில் அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. பாதி வைத்த அடியோடு நடைபாதை நடுவில் ஆணி அடித்தது போல நின்றார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பின்னால் வந்த ஒரு பெண் அவர் முதுகில் மோதினாள். அவள் முதுகில் இன்னொருவர். அவர் முதுகில் தண்ணீர் கேன் சுமந்து வந்தவர்.

"ஏம்மா, இதென்ன விளையாட்டு" என்றார் கடிகாரத்தார் திரும்பாமலே.

"ஸ்டாப்பிங் வந்தா நிக்கணும்ல."

"யாராவது இறங்கினாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. போலாம் போலாம்." இரண்டு விசில்.

அங்கே பேரன்களை எப்படி அடக்கினாய் என்று கேட்டார். இதே விசில்தான் என்றாள். இப்போது அந்தத் தெருவில் நாய்கள்கூடத் தெருவைக் கடக்குமுன் நின்று பார்க்கின்றனவாம்.

முதல் சுற்றுவழி வந்தது. "இந்தப் பக்கம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான்" என்று சொல்லி, பளபளவென்று கிடந்த நேர்ச்சாலையை விட்டு, தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குள் திரும்பினார். அவள், "அப்படியா" என்றாள். தொட்டியைச் சுற்றி, சலவைக்கடைகளையும் பழைய டயர் குவித்த பட்டறையையும் சுற்றி, மறுபடி அதே சாலையில் ஏறும்போது இருபது நிமிடம் தின்றாயிற்று. மனம் துள்ளியது.

ஆனால் விதி அவருடைய கால்களில் இருந்தது. முப்பத்தோரு வருடம் பழகிய கால்கள். இருபது நிமிடத் தாமதம் என்று மூளைக்குத் தெரிந்த அதே கணத்தில் காலுக்கும் தெரிந்துவிட்டது. ஈடுகட்ட ஆரம்பித்தது. மூளை பிரேக்கைப் போடப் போட, கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி அவர் நடந்த வேகத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டிகள் உரிந்து வந்தன. தான் ஓடுகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்தவளுக்குத் தெரிந்தது. அவள் ஓட்டப்பந்தய ஷூவின் நாடாவை ஒருமுறை குனிந்து இறுக்கிக்கொண்டு, அதே ஒன்பதடியில் வந்தாள்.

பாதி வழியில், ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் எதிரே, பழைய டீக்கடை. கடைக்காரருக்கு இவர்களைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"அண்ணே, நீங்க ரிட்டயர் ஆன நாள்லேருந்து என் கடைக் கடிகாரம் சரியாவே ஓடலண்ணே. அது உங்களப் பார்த்து ஓடிட்டு இருந்தது போலிருக்கு." பிறகு விசிலம்மா பக்கம் திரும்பி, "அண்ணி, உங்களுக்கு சர்க்கரை கம்மி. மறக்கல. அண்ணன்தான் ஒரு வாரமா இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு சந்தா நுழைஞ்சு, வாட்ச்சப் பார்த்து, காகிதத்துல எழுதிக்கிட்டு. எதாவது வீடு பாக்கறீங்களாண்ணே?"

கடிகாரத்தார் கண்ணால் சாடை காட்டினார். புருவத்தால் காட்டினார். கடைசியில் காதைக்கூட ஆட்டிப் பார்த்தார்.

"கண்ணுல தூசி விழுந்துருச்சாண்ணே?"

"ஆமா" என்றார் கடிகாரத்தார்.

விசிலம்மா பன்னை டீயில் நனைத்து, மெதுவாக, கடைசித் துணுக்கு வரை தின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிக்கெட் வாங்காமல் ஒளிந்து நிற்பவரைக் கூட்டத்துக்குள் கண்டுபிடித்தும் உடனே போய்ப் பிடிக்காத கண்டக்டரின் முகம் அது. கடைக்காரர் கழுவிய தம்ளர்களைக் கவிழ்த்து வைத்தபடி, இப்போது ஓடும் வண்டியில் கண்டக்டரே கிடையாது, கதவு தானாகத் திறக்கிறது, மெஷின்தான் நிறுத்தம் சொல்கிறது என்றார். "மெஷினுக்கு விசில் அடிக்க வருமா" என்று மட்டும் கேட்டாள்.

மிச்சமிருந்த மூன்று சுற்றுவழிகளையும் சுற்றினார்கள். மார்க்கெட்டின் பின்பக்கம், நீதிமன்றத்தின் நான்கு பக்கமும், பிறகு எதற்கென்றே தெரியாத ஒரு மைதானம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவள், "அப்படியா" என்றாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவருடைய கால் விட்டதைப் பிடித்தது. சாலை முடிந்து, கடைசி வளைவில் உப்புக்காற்று முகத்தில் அறைந்தபோது, "பீச். எல்லாரும் இறங்குங்க. கடைசி ஸ்டாப்பிங்" என்று அவள் கூவ, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு ஐந்து.

கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து கிலோமீட்டர் கூட்டியும், ஆற அமர வர வேண்டிய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஒரு மனுஷனை அவன் காலே காட்டிக்கொடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

பேருந்து திரும்பும் இடத்திலிருந்து கடல் இருநூறு அடி. ஒவ்வொரு நடைக்கும் இங்கே ஏழு நிமிடம் வண்டி நிற்கும். அந்த ஏழு நிமிடத்தில் அவர் டயரைத் தட்டிப் பார்ப்பார், அவள் டிக்கெட் கட்டை அடுக்குவாள். கடலை முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். ரிட்டயர் ஆன மறுநாள் வந்து காலை நனைக்கலாம் என்று முப்பத்தோரு வருடமாகப் பேசியது. மறுநாள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவளுக்கு வரிசை, அதற்கடுத்த வாரம் விமானம்.

அவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது. அப்போதுதான் கவனித்தார், அவள் பின்னால் இல்லை, பக்கத்தில் நிற்கிறாள். இந்தத் தூரத்தில் அவளைப் பார்த்துப் பழக்கமில்லாதவர் போல வெட்கப்பட்டு, கடலைப் பார்த்தார்.

ஈர மணலுக்கு மேலே உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"அதக் கேக்கத்தான் கோர்ட்ட நாலு பக்கமும் சுத்திக் காட்டினீங்களா?"

அவர் மணலில் விரலால் கோடு போட்டார். "தெரியுமா?"

"எங்கிட்டயா? ஸ்டேஜ் எண்ணித்தானே சோறு தின்னேன். தண்ணித் தொட்டிலயே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் பேசாம வந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பத்தொம்பது கிலோமீட்டர் நடந்தாச்சு. உங்க வாயிலேருந்து ஒரு வார்த்த இறங்கல."

ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்து போனது. மூன்றாவது அலை உடையும் சத்தத்துக்குள் ஒளித்து, "போகாத" என்றார். பக்கத்தில் காய்ந்த வலை மேல் உட்கார்ந்திருந்த காக்கைக்குக்கூடக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

அவள் ஸ்வெட்டர் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பொண்ணுக்கு இன்னும் மூணு வாரம்கறாங்க. மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி. அவ போன்ல சிரிச்சுக்கிட்டே பேசுறா, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. பயந்துட்டு இருக்கா. போகாம எப்படிங்க?"

"சரிதான்."

"பையன் வீட்டுல என் ரூம் ஜன்னலுக்குக் கீழ ஒரு பஸ் போகும். எட்டு பன்னெண்டு பஸ். ஒரு நாளும் எட்டு பன்னெண்டுக்கு வந்ததில்ல. அந்த டிரைவர நான் திட்டாத திட்டு இல்ல. ஆனா தினமும் போய் நிப்பேன். எதுக்குத் தெரியுமா? மேலேருந்து பாத்தா அந்தாள் பிடரி தெரியும்." ஷூவிலிருந்து மணலைத் தட்டினாள். "முப்பத்தோரு வருஷம் ஒரு பிடரியப் பார்த்தே நின்னவளுக்கு, முன்னாடி யாரும் இல்லாம நிக்கறது ஒரு மாதிரி இருக்குங்க. எந்தப் பக்கம் பாக்கறதுன்னே தெரியல."

கண்ணாடியையும் அதில் தெரியும் கதவையும் பற்றி அவர் சொல்ல நினைத்தார். கையை மட்டும் அவள் ஷூவின் மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்க வரலாம்ல."

"அதுல ஓட்டுறவன்..."

"தெரியும். மூஞ்சி தெரியாது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிப் பாதி பாதி தின்றார்கள். ஒன்று நாற்பதுக்கு முதலில் எழுந்தவர் அவர்தான். கால்சட்டையை இறக்கிவிட்டு மணலைத் தட்டினார். முப்பத்தோரு வருடத்தில் அவர் வண்டியில் ஏறிய ஒரு பயணிகூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. பெண்டாட்டியிடமா அதை ஆரம்பிப்பது?

நடந்து திரும்ப நேரமில்லை. திருப்பத்தில் பேருந்து நின்றது. அவர் அதன் முன்னால் போய், முன்கண்ணாடி வழியாக ஓட்டுநரைப் பார்த்தார். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை இறக்கினாள்.

"என்ன பெரியவரே?"

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி தூங்கினியா?"

"நல்லா தூங்கினேனே."

"சரி" என்று சொல்லி, படியில் கால் வைத்தார். பின்னால் வந்த விசிலம்மா படிக்குக் கீழேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். அவர் ஏறுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தன்னை ஏற்றிவிட்டுக் கையசைப்பார் என்றுதான் நினைத்திருந்தாள்.

மூன்றாவது ஜன்னல் இருக்கையில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். ஒரே வண்டியில் உலகத்தை ஏழு சுற்றுச் சுற்றும் தூரம் போய்வந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. முதல் சிக்னலிலேயே அவருடைய வலது கால் மிதிக்கத் தொடங்கியது. இரண்டாவது சிக்னலில் தரை அதிர்ந்து முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். விசிலம்மா தன் பாதத்தைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் வைத்தாள். மெஷின் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிவந்தது. அது வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னதாக அவள் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி கடந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு தன் கால் ஒரு முறைகூட மிதிக்கவில்லை. அவள் பாதம் அப்படியேதான் இருந்தது.

இரண்டு முப்பத்தெட்டுக்குப் புறப்பாடு வாசல்.

"மூணு வேளையும் தின்னுங்க. சும்மா பன்ன நனச்சுத் தின்னுட்டுப் படுத்துக்காதீங்க."

"ம்."

"பொண்ணுகிட்ட என்ன சொல்லட்டும்?"

"பயப்படாம இருக்கச் சொல்லு. ஒன்பது நிமிஷ வேலைதான்."

அவள் சிரித்துக்கொண்டே காவலரிடம் டிக்கெட்டைக் காட்டினாள். பிறகு பைக்குள் கைவிட்டு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். வரிசையில் நின்ற தள்ளுவண்டிகள் எல்லாம் ஒரேயடியாக நகர்ந்தன, டாக்சிகள் நகர்ந்தன, அங்கே வெகுநேரமாகக் கட்டிக்கொண்டு அழுத ஒரு குடும்பம் கலைந்து அவரவர் வழியில் போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்ப்பது டிரைவர் வேலை. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அதற்குள்ளே அவள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கட்டைவிரல் உயரத்துக்கு வந்து, கூட்டத்தில் மறைந்தாள்.

இரண்டு விசிலுக்கு நகராமல் கடிகாரத்தார் நின்றது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கால் மணி நேரம் நின்றார். பிறகு காவலரிடம் போனார்.

"தம்பி, இந்த ஏரோப்ளேன் ஓட்டுறவங்க எந்த வழியா உள்ள போவாங்க?"

"இதே வழிதான். கறுப்புப் பெட்டிய உருட்டிக்கிட்டுப் போவாங்க. ஏன்?"

"மூஞ்சி பாக்கணும்."

காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆபத்தில்லை என்று தீர்மானித்து, எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார். கடிகாரத்தார் உட்கார்ந்தார். முதலில் வந்தவர் கொட்டாவி விட்டார். கூடாது. இரண்டாமவர் போனைப் பார்த்தபடி நடந்து தூணில் இடித்துக்கொள்ளப் பார்த்தார். கூடவே கூடாது. மூன்றாவதாக, காதோரம் நரைத்த ஒருவர் வந்தார். வாசலுக்கு மேலிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முகம் சுளித்து நடையை எட்டிப் போட்டார்.

கடிகாரத்தார் எழுந்து குறுக்கே போய் நின்றார்.

"சார், ராத்திரி தூங்கினீங்களா?"

அவர் நின்றார். கேட்டவரின் சுருட்டி இறக்கிய கால்சட்டையையும், அதில் ஒட்டியிருந்த மணலையும் பார்த்தார். "எட்டு மணி நேரம்" என்றார். பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சரி" என்றார் கடிகாரத்தார், போகிற முதுகைப் பார்த்து. நல்ல பிடரி. ஆடாத பிடரி.

பிறகு காவலர் பக்கம் திரும்பினார். "தம்பி, பாஸ்போர்ட் ஆபீசுக்கு இங்கேருந்து எந்த பஸ் போகும்?"

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள மூடிருவாங்க பெரியவரே. நாளைக்குப் போங்க."

"நாளைக்குத்தான் வேலை. இன்னிக்கு எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாத்து வெச்சுக்கறேன்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். நான்கு சுற்றுவழிகள் எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தின் உச்சியில் மூன்று மணி ஐந்து நிமிடம் என்று எழுதிக்கொண்டு, நிறுத்தத்தைப் பார்க்க நடந்தார்.